எங்கள் ரிசப்ஷனில் யாரும் கைதட்டவில்லை

அந்தப் பாட்டு முடிந்ததும் கைதட்டல் கேட்கிறது. நன்றாகவே கேட்கிறது, யாரோ விசில்கூட அடிக்கிறார்கள். இன்றைக்கு ஊரெல்லாம் பேர் தெரிந்த ஒரு ராக் பேண்ட், தன் ஆரம்பகாலப் பதிவுகளைத் தேடிப்பிடித்து, தூசி தட்டி, இசைத்தட்டுகளாக அழகான பெட்டியில் போட்டு வெளியிட்டிருக்கிறது. கல்லூரி விழாவில் பாடியது, மொட்டைமாடிக் கொட்டகையில் ஒத்திகை பார்த்தது, பாதியிலேயே கைவிட்ட பாட்டுகள் எல்லாம் அதில் இருக்கின்றன. ஒரு பாட்டு மட்டும் மேற்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பதிவானது. அவர்கள் மேடையேறிப் பாடியதில் கிடைத்த முதல் பதிவு அதுதான் என்று ரசிகர்கள் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். அந்தக் கல்யாணம் என்னுடையது. மேடையில் மாலையோடு நின்றவள் நான். அன்றைக்கு ஒரு ஆள் கைதட்டவில்லை.

கைதட்டலைக் கொஞ்சம் ஒட்டவைத்தால் என்ன குடி முழுகிவிட்டது, இதற்குப் போய் இவ்வளவு கோபமா என்று என் தம்பி கேட்டான். அவன் அப்போது சின்னப் பையன், மண்டபத்தின் பின்பக்கம் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவர்கள் எல்லோரும் பொய் சொல்கிறார்கள்.

அப்பாவிலிருந்து ஆரம்பிக்கிறேன். தொலைபேசி அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தார். சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. அடுத்த தெருவில் ஒரு மொட்டைமாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட கொட்டகைக்குள் நான்கு கல்லூரிப் பையன்கள் கிட்டாரும் டிரம்ஸுமாகக் கிடப்பார்கள். தெருவே அவர்களைத் திட்டியது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் வீட்டிலிருந்து கல்கூட விழும் என்று கேள்வி. அப்பா மட்டும் ஆபீஸ் முடிந்து ஸ்டேஷனிலிருந்து வரும்போது, டிபன் பாக்ஸ் பையோடு அந்த வீட்டு காம்பவுண்டு சுவருக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு வருவார். ஏன் லேட் என்று அம்மா கேட்டால் ட்ரெயின் லேட் என்பார். எனக்கு உண்மை தெரியும், நானும் சில நாள் அதே சுவருக்குப் பக்கத்தில் அவரைப் பார்த்திருக்கிறேன்.

என் கல்யாணம் நிச்சயமானபோது, ரிசப்ஷனுக்குப் பாட்டுக் கச்சேரி வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டார்கள். அவர்கள் கீழ்க்கட்டளையில் பூர்வீகக் குடும்பம். வயல் எல்லாம் மனையாகி, மனை எல்லாம் கடையாகி, நல்ல நிலைமையில் இருந்தார்கள். சினிமாப் பாட்டுப் பாடும் மெல்லிசைக் குழுவைத்தான் மனதில் வைத்திருந்தார்கள். அப்பா அந்த நான்கு பையன்களை ஏற்பாடு செய்தார். சிக்கனத்துக்காகச் செய்தார் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். அப்படி இல்லை. அவருக்கு அவர்கள் பாட்டு பிடித்திருந்தது, அவ்வளவுதான். தனக்குப் பிடித்ததில் சிறந்ததை மகள் கல்யாணத்தில் வைக்க ஆசைப்பட்டார். இந்தப் பசங்க ஒருநாள் எங்கேயோ போயிடுவாங்க பாரு என்று என்னிடம் சொன்னார்.

எங்கள் பக்கத்து வழக்கத்தை வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்ல வேண்டும். முகூர்த்தம் காலையில் என்றால், ரிசப்ஷன் அதற்கு முந்தின நாள் சாயங்காலமே நடந்துவிடும். தாலி ஏறுவதற்கு முன்பே பெண்ணும் மாப்பிள்ளையும் ஜோடியாக நின்று, வந்தவர்களிடம் பரிசு வாங்கி, போட்டோவுக்குச் சிரித்து முடித்துவிடுவார்கள். ஊரே பார்த்துவிட்டது, சாப்பிட்டுவிட்டது, மொய் எழுதிவிட்டது, ஆனால் கல்யாணம் இன்னும் ஆகவில்லை. அந்த ஒரு ராத்திரி முழுக்கப் பெண்ணைப் பெற்றவன் கழுத்தில் கத்தி. இந்த வழக்கத்தைக் கொண்டுவந்த புண்ணியவான் யார் என்று தெரிந்தால் நன்றாகக் கேட்டுவிடுவேன்.

அன்றைக்குப் பையன்கள் இரண்டு பாட்டுப் பாடினார்கள். அவர்களே எழுதிய ஆங்கிலப் பாட்டுகள். கூட்டம் என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாவது பாட்டு நடுவில் இருக்கும்போது என் கணவரின் அண்ணன் நேராக மேடைக்கு வந்து ஒயரைப் பிடுங்கினார். கிட்டார் செத்தது. "இன்னாய்யா இது, சாவு வூட்டுல கூட இத்தவிட நல்லா அடிப்பானுங்க" என்று மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னார். டிரம்ஸ் அடித்த பையன் மட்டும் புரியாமல் கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டிருந்தான்.

அதோடு விட்டிருந்தாலும் போயிருக்கும். என் பக்கத்தில் நின்றிருந்த மாப்பிள்ளை, அதாவது என் கணவர், கழுத்து மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். உங்கப்பா மைக்குல மன்னிப்பு கேக்கட்டும், அப்புறம்தான் திருப்பிப் போட்டுப்பேன் என்று என்னிடம்தான் சொன்னார். எங்கள் சொந்தக்காரர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. அப்பா மண்டபத்து மைக்கை வாங்கினார். எல்லாரும் மன்னிக்கணும், எனக்கு விவரம் போதாது, தப்பு என்னோடது என்று அதில் சொல்லிவிட்டு, மைக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் கூப்பினார். மாலை மறுபடியும் கழுத்துக்குப் போனது. வரிசையில் நின்றவர்கள் பரிசோடு மேலே ஏறிவந்தார்கள். வீடியோக்காரர் விளக்கைப் போட்டதும் நான் சிரித்தேன்.

பையன்கள் சாப்பிடாமல் போனார்கள். பந்தியில் உட்கார வைக்கக் கூடாது என்று உத்தரவாகியிருந்தது. அப்பா சமையல்காரரிடம் கேட்டு ஒரு தூக்கில் சாம்பார் சாதமும் அப்பளமும் ஜாங்கிரியும் வாங்கி, பின்வாசல் வழியாகப் போய் பஸ் ஸ்டாப்பில் கொடுத்துவிட்டு வந்தார். வேட்டியெல்லாம் சேறு. அடுத்த நாள் காலையில் அந்த வேட்டியின் கறையோடுதான் என்னைத் தாரைவார்த்துக் கொடுத்தார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல். கல்யாண வீடியோ மிக்ஸிங் ஆகி வந்தது. அந்தக் காலத்து வழக்கப்படி மண்டபத்துச் சத்தத்தை எல்லாம் எடுத்துவிட்டு, மேலே சினிமாப் பாட்டைப் போட்டிருந்தார்கள். கேசட் ஆரம்பித்ததும் பிள்ளையார், பிறகு ரோஜாப்பூ விரிகிறது, அதற்குள்ளிருந்து அப்பா கையைக் கூப்பிக்கொண்டு வருகிறார். கீழே 'வருக வருக' என்று எழுத்து. வீடியோக்காரருக்கு அப்பா கைகூப்பிய காட்சி வேறெதுவும் கிடைக்கவில்லை போலிருக்கிறது. மன்னிப்புக் கேட்டதை எடுத்து வரவேற்பாக்கிவிட்டார். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்து, மாமா எவ்வளவு அழகா வரவேற்கிறார் பாரு என்றார்கள். நான் காபி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா அதற்குப் பிறகு அந்தச் சுவருக்குப் பக்கத்தில் நிற்கவில்லை. ஸ்டேஷனிலிருந்து வேறு தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தார். அம்மா இருந்தவரை வீட்டில் ரேடியோ பாடியது, அதையும் அவர் போட்டதில்லை. தலை தீபாவளிக்குப் போனபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உன் கல்யாணத்தை நான்தாம்மா கெடுத்துட்டேன் என்றார். இல்லப்பா என்றேன். வருஷா வருஷம் அதையே சொன்னார், வருஷா வருஷம் நானும் இல்லப்பா என்றேன். என் கணவர் சிட்லபாக்கம் வீட்டுக்குள் நுழைந்தால் அப்பா உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நிற்பார். மாமனார் மரியாதை என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

அந்தப் பையன்கள் அப்பா சொன்னபடியே எங்கேயோ போய்விட்டார்கள். அப்பா சொன்னது சரி என்று சொல்ல மட்டும் ஒரு நாதி இல்லை.

போன வருஷம் ஒரு பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அந்த பேண்டின் பழைய பதிவுகளைத் தேடிச் சேர்ப்பது அவள் வேலை. எங்கள் வீடியோக்காரர் கடையை மூடியபோது மிக்ஸிங் செய்யாத ஒரிஜினல் கேசட்டுகளை அந்தந்த வீட்டுக்கே கொடுத்திருந்தார். எங்களுடையது பீரோவுக்கு மேலே பட்டுப்புடவைப் பெட்டிக்குள் கிடந்தது. போட்டுப் பார்க்க வீட்டில் மெஷின் இல்லை, பார்க்க ஆசையும் இல்லை. அவள் வாங்கிப்போய், கேசட்டையும் திருப்பித் தந்து, அதில் இருந்ததை என் போனிலும் ஏற்றிக் கொடுத்தாள். நல்ல பெண்தான். "ஆன்ட்டி, கடைசில கொஞ்சம் பர்சனலா இருக்கு. தனியா கேளுங்க" என்றாள்.

அடுப்படியில் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். இரண்டரைப் பாட்டு. பிறகு கணவரின் அண்ணன் சொன்ன அந்தச் சாவு வீடு. பிறகு ஒரே கசமுசா. நடுவில் என் கணவரின் குரல், இளசாக, தெளிவாக. பிறகு அப்பா. அப்பாவின் குரல் அன்றைக்கு உடைந்தது என்றுதான் இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். உடையவில்லை. ஆபீஸில் போன் எடுத்துப் பேசுகிற அதே குரலில், நிறுத்தி நிதானமாக மன்னிப்புக் கேட்டிருக்கிறார். குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று கவனிக்கவில்லை, பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

என் கணவரும் கேட்டிருக்கிறார். எனக்குத் தெரியாமல் அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டு, மூன்றாவது பாட்டு நிற்கிற இடத்தோடு வெட்டிவிடுங்கள், அதற்கப்புறம் குடும்ப விஷயம் என்று சொல்லியிருக்கிறார். அவர்களுக்கும் பாட்டு மட்டும்தானே வேண்டும், வெட்டிவிட்டார்கள். மூன்றாவது பாட்டை மட்டும் பெட்டியில் சேர்த்தார்கள், அது வேறெங்கும் பதிவாகவில்லையாம். சரி, அதுவரைக்கும் பொறுத்துக்கொள்ளலாம். மூன்றாவது பாட்டின் முடிவில் அந்தக் கைதட்டல் எங்கிருந்து வந்தது? நானே போன் செய்து கேட்டேன். பாட்டு டக்கென்று அறுந்துபோகிறது, கேட்பவர்களுக்கு ஒரு மாதிரி இருக்கும், அதனால் பிறகு நடந்த ஒரு கல்லூரி நிகழ்ச்சியிலிருந்து கைதட்டலை எடுத்து ஒட்டினோம், அண்ணாவும் ஓகே சொல்லிவிட்டார் என்றாள் அந்தப் பெண். அண்ணா என்றால் பேண்டின் தலைவர். அன்றைக்கு ஒயர் பிடுங்கிய கிட்டாரோடு மேடையில் விழித்துக்கொண்டு நின்ற அதே பையன். பெட்டியோடு வருகிற புத்தகத்தில் அவர் எழுதியிருக்கிறார், முதல் மேடையிலேயே தங்களைத் தாம்பரத்து மக்கள் அன்போடு ஏற்றுக்கொண்டார்களாம். தூக்கில் வந்த சாம்பார் சாதத்தைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. மறந்திருப்பார். பெரிய ஆள் ஆனவர்களுக்கு வசதியானது மட்டும்தான் ஞாபகம் இருக்கும் போலிருக்கிறது.

என் கணவர் கதையைக் கேளுங்கள். கீழ்க்கட்டளையில் எங்களுக்கு பெயிண்ட், ஹார்டுவேர்ஸ் கடை. அந்தப் பெட்டியை வாங்கிக் கண்ணாடி அலமாரியில் பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவில் நிறுத்தியிருக்கிறார். வீட்டில் ரெக்கார்ட் பிளேயர் கிடையாது. அதைப் பற்றி அவருக்குக் கவலையும் கிடையாது. டிஸ்டெம்பர் வாங்க வருகிறவன்கூட அதைப் பற்றிக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். யூடியூப் சேனல் நடத்தும் இரண்டு பேர் வந்து கடை வாசலில் அவரைப் பேட்டி எடுத்தார்கள். "நான்தான் அவங்களுக்கு மொத சான்ஸ் குடுத்தேன். எங்க வீட்ல எல்லாரும் வேணாம்னாங்க, நான் விடல" என்கிறார். ஒயர் பிடுங்கிய அண்ணன் பின்னால் நின்று தலையை ஆட்டுகிறார். இரண்டு பேர் முகத்திலும் வெட்கத்தின் நிழல்கூட இல்லை. நான் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க உடம்பெல்லாம் எரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிட்லபாக்கம் போனேன். அப்பா தம்பியோடு இருக்கிறார். காது மந்தமாகிவிட்டது, பக்கத்தில் போய்ச் சத்தமாகப் பேச வேண்டும். தம்பி மனைவி ஒரு பெரிய ஹெட்போனை அவர் தலையில் மாட்டி, சத்தத்தைக் கூட்டிவைத்து, அந்தப் பாட்டைப் போட்டுவிட்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்வதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நாற்காலிக் கைப்பிடியில் விரல் தாளம் போட்டது. அந்த விரல் தாளம் போட்டு நான் பார்த்து எவ்வளவு காலம் ஆகிறது! பாட்டு முடிந்ததும் கண்ணைத் திறந்தார். முகத்தில் ஏதோ விடிந்த மாதிரி இருந்தது.

"கை தட்டியிருக்காங்களேம்மா" என்றார். "எனக்கு அது ஞாபகமே இல்ல. நான் பதட்டத்துல கவனிக்கல போல. அப்ப சில பேருக்காவது புடிச்சிருக்கு."

அது ஒட்டுப்போட்டது அப்பா, எந்தக் கல்லூரியிலோ எவனோ தட்டியது என்று எப்படிச் சொல்வது? அவர் மறுபடியும் போடச் சொல்லி இரண்டாவது தடவை கேட்டார். அந்தத் தடவையும் கைதட்டல் வரும்போது தலையசைத்துக்கொண்டார். தான் அவ்வளவு பெரிய தப்பு ஒன்றும் செய்துவிடவில்லை என்று ஒரு மனுஷனுக்குத் தெரிய, ஒரு பொய் தேவைப்பட்டிருக்கிறது. உண்மையைத் தெரிந்தவர் என் வீட்டிலேயே இருக்கிறார், என் கையால் சோறு சாப்பிடுகிறார், அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்திருந்தால் இந்தப் பொய்க்கு வேலையே இருந்திருக்காது. திரும்பி வரும்போது பல்லாவரம் மேம்பாலத்தில் ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டு, எவ்வளவு கோபப்பட முடியுமோ அவ்வளவு கோபப்பட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் சொன்னேன். அப்பாவைப் பார்த்து மன்னிப்புக் கேளுங்கள், அன்றைக்குச் செய்ததற்கு. இவர் சிரித்தார். அதெல்லாம் எப்பவோ நடந்தது, கிழவருக்கே மறந்திருக்கும், உனக்கு என்ன திடீரென்று பைத்தியமா என்றார். போனை எடுத்து முழுப் பதிவையும் போட்டேன். மாலையைக் கழற்றும்போது அவர் பேசிய பேச்சு எங்கள் ஹாலில் கேட்டது. நிறுத்து என்றார். நிறுத்தவில்லை. அப்பா பேசி முடிக்கும் வரை ஓடவிட்டேன். "அந்த யூடியூப் பசங்க நம்பர் என்கிட்ட இருக்கு. முதல் சான்ஸ் குடுத்தவர் யார்னு அவங்களும் கேட்கட்டும்" என்றேன். இத்தனை வருஷத்தில் நான் அவரை மிரட்டியது அதுதான் முதல் தடவை. நன்றாகத்தான் இருந்தது.

ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, வா போலாம் என்றார். வழியில் பழக்கடையில் நிறுத்தி ஆப்பிளும் மாதுளையும் வாங்கினார். பழம் வாங்கிப் போனால் பாதி வேலை முடிந்தது என்ற நினைப்பு.

உள்ளே நுழைந்ததும் அப்பா வழக்கம்போல நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இவர் பழப்பையை டீப்பாயில் வைத்துவிட்டு சோபாவில் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். அந்தப் பாட்டைப் பற்றித்தான் பேச வந்தேன் மாமா என்று ஆரம்பித்தார். பாட்டு என்ற சொல் காதில் விழுந்ததும் அப்பாவின் முகம் மாறிவிட்டது. நின்றபடியே கையைக் கூப்பிவிட்டார். "மாப்பிள்ளை, அன்னைக்கு நான் உங்க வீட்டுப் பெரியவங்களைக் கேட்டுட்டு செஞ்சிருக்கணும். மனசுல வச்சுக்காதீங்க" என்றார்.

என் கணவர் என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். இதைவிட நல்ல வாய்ப்பு அவருக்குக் கிடைக்காது. சோபாவில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, "பரவால்ல விடுங்க மாமா. நான் அதையெல்லாம் எப்பவோ மறந்துட்டேன்" என்றார்.

மன்னித்துவிட்டாராம்!

நான் போய் அப்பாவின் கையைப் பிடித்துப் பிரித்தேன். அவரைத் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தேன். தம்பி மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள். நான் இவர் பக்கம் திரும்பினேன்.

"நீங்க எழுந்திருங்க" என்றேன்.

எழுந்திருக்கவில்லை. போனைக் கையில் எடுத்தேன். எழுந்தார். அப்பா பதறிப்போய் மறுபடியும் எழப் பார்த்தார், நான் அவர் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. இவர் தரையைப் பார்த்துக்கொண்டு, உதட்டுக்குள்ளேயே எதையோ சொன்னார். மன்னிச்சிடுங்க மாமா என்ற மாதிரி இருந்தது.

"மாப்பிள்ளை என்னம்மா சொல்றார்?" என்று அப்பா என்னைக் கேட்டார்.

"அப்பாவுக்குக் காது கேக்கல" என்றேன் இவரிடம். "மைக்ல சொல்ற மாதிரி சொல்லுங்க."